இலங்கையின் மலையகத்தில் ஓர் இளைஞர் அரசியலுக்குள் எந்த வழியால் நுழைவது?

கொட்டகலை வாசன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

2020இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற தோட்டத் தொழிற்சங்கக் கட்சியின் ஜீவன் தொண்டமான் பாராளுமன்றம் போனபோது வயது 25. 2023 ஜனவரியில் அமைச்சரவை அமைச்சரானார். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தியிலிருந்து பதுளையில் அம்பிகா சாமுவேல், நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி என்று இரண்டு மலையகப் பெண்கள் முதன்முறையாகச் சபைக்குப் போனார்கள். இதையெல்லாம் பார்த்து "மலையகத்தில் இளைஞர் அரசியல் வந்துவிட்டது" என்று பலரும் எழுதுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் என் கேள்வி வேறு. மேலே இருக்கிறவரின் வயது குறைந்தால், கீழே லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) இருந்து உயர்தரம் எழுதிவிட்டு நிற்கிற பிள்ளைக்கு ஏதாவது வழி திறக்கிறதா?

முன்பு ஒரு படி இருந்தது. தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் தட்டிக்கேட்கிற ஆள் தோட்டத் தலைவராவார். பிறகு சங்கத்தில் மாவட்டத் தலைவர். அதற்குப் பிறகு பிரதேச சபைக்கோ மாகாண சபைக்கோ ஓர் இடம். குடும்ப அரசியல் அதற்கு மேலே இருந்தது என்பது உண்மை. ஆனாலும் சாதாரண தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஓரளவாவது ஏறிவர அதில் இடம் இருந்தது.

2021 மார்ச்சில் அரசின் சம்பளச் சபை மூலம் 1000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்ததும் தோட்டக் கம்பனிகள் சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. சம்பளத்தில் சங்கச் சந்தா கழிக்கிற ஏற்பாடும் ஆட்டம் கண்டது. இப்போது பல தோட்டங்களில் தலைவர் என்று ஒருவர் இருக்கிறார், ஆனால் அவர் பேச்சை அலுவலகத்தில் யாரும் கேட்பதில்லை. மாகாண சபைத் தேர்தலும் மத்திய மாகாணத்தில் கடைசியாக நடந்தது 2013இல். அதன் ஆயுள் 2018இல் முடிந்தது. ஆகப் பழைய ஏணியில் நடுப்படிகள் எல்லாம் போய்விட்டன.

மிச்சமிருப்பது பிரதேச சபை. 2018க்கு முன் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு சபைகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2 இலட்சம் சனம். நாட்டின் வேறு இடங்களில் பத்தாயிரங்களில் சனம் உள்ள பகுதிக்கே தனிச்சபை உண்டு. போராடித்தான் அவை பிரிக்கப்பட்டன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகள் வந்தன. அதே வருடம் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டது. அதுவரை தோட்டத்துக்குள் ஒரு கல் ரோட்டுக்குக்கூடச் சபைப் பணத்தைச் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை. வாக்குப் போடலாம், சேவை கேட்க முடியாது என்ற நிலை.

என் கருத்து இதுதான்: அடுத்த பத்து வருடத்துக்கு நம் இளைஞர் குறிவைக்க வேண்டியது பாராளுமன்றத்தை அல்ல, இந்தச் சபைகளை. மாற்றுக்கருத்து இருந்தால் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியன் (அட்டன்):

தம்பி வாசன், நல்ல இழை. ஆனால் தலைமை ஏன் ஒரு சில கைகளில் திரண்டது என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இளையவர்கள் அதை வெறும் குடும்ப ஆசை என்று மட்டும் விளங்கிக்கொள்வார்கள்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலையகத்தில் இருந்து நேரடியாகப் பாராளுமன்றத்துக்கு ஆட்களை அனுப்பியது. அடுத்த வருடமே நம் சனத்தை நாடற்றவராக்கிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1952 தேர்தலில் நம் சனத்தில் பெரும்பாலானோருக்கு வாக்கு இல்லை. சத்தியாக்கிரகம் இருந்தார்கள், பலன் இல்லை. அதிலிருந்து 1977 வரை தோட்ட மக்கள் தங்கள் வாக்கால் தங்களுக்கென்று ஒருவரைத் தெரிவுசெய்து அனுப்ப முடியவில்லை. ஜீவனின் பூட்டனார் சௌமியமூர்த்தி தொண்டமான்கூட 1960லும் 1965லும் நியமன உறுப்பினராகத்தான் போனார்.

கால் நூற்றாண்டு வாக்கில்லாத ஒரு சமூகத்தில் அரசியல் கட்சி எப்படி வளரும்? கிளை, கூட்டம், வேட்பாளர் தெரிவு எதுவும் இல்லை. மிஞ்சியது தொழிற்சங்கம் மட்டும். சங்கத்தின் சட்டம் வேறு. அங்கே வேலைநிறுத்தத்துக்கு ஒருவர் சொன்னால் எல்லோரும் இறங்க வேண்டும், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். அந்தப் பழக்கம் அப்படியே கட்சிக்குள் வந்தது. "தலைவர் சொல்லிவிட்டார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

1964 ஒக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். நாடற்றிருந்த நம் சனம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேரை இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் பிரித்தன. மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அந்த மேசையில் நம் ஆட்கள் யாரும் இல்லை. என் வகுப்புத் தோழர்கள் குடும்பம் குடும்பமாகத் தலைமன்னார் கப்பலுக்குப் போனதைப் பார்த்தவன் நான். படித்து முன்னுக்கு வந்திருக்கக்கூடிய ஒரு தலைமுறை அப்படியே போனது. நாடற்றவர் பிரச்சினை சட்டத்தில் முழுமையாகத் தீர 2003 வரை ஆனது.

இவ்வளவையும் சொல்வது குடும்ப அரசியலை நியாயப்படுத்த அல்ல. நோயின் வேர் எங்கே என்று தெரிந்தால்தான் மருந்து சரியாக இருக்கும்.

பதுளை வாசுகி:

வாசன் அண்ணா, சேர், இருவர் எழுதியதும் சரி. ஆனால் இரண்டிலும் தோட்டத் தலைவர், மாவட்டத் தலைவர் என்று ஆண்கள்தான் வருகிறார்கள். கொழுந்து பறிப்பது யார்?

என் அம்மா காலை ஆறு மணிக்கு முன் அடுப்பு வேலையை முடித்துவிட்டு மலைக்குப் போவார். மூன்று முறை நிறுவை. அன்றைக்குரிய கிலோ குறைந்தால் அரைப்பேர். அதாவது நாள் முழுக்க அட்டைக்கடியில் நின்றதற்குப் பாதிச் சம்பளம். மழைக்காலத்தில் கொழுந்தில் தண்ணீர் என்று கழிப்பார்கள், சாக்குக்கு என்று கழிப்பார்கள். தராசைப் பார்க்கிறவர் ஆண், கணக்குப் போடுகிறவர் ஆண், அதைத் தட்டிக்கேட்கப் போகிற தலைவரும் ஆண். மாதர் தலைவி என்று ஒருவர் இருப்பார், மே தினக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க.

சம்பளப் பேச்சுவார்த்தை நடந்த வருடங்களை எண்ணிப் பாருங்கள். 1000 ரூபாய்க்கே எத்தனை தேர்தல் போனது! 2024 மே மாதம் 1700 என்று வர்த்தமானி வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின, கடைசியில் செப்டெம்பரில் 1350இல் வந்து நின்றது. அந்த மேசையில் மலையில் நின்று கொழுந்து பறித்த ஒரு பெண்ணாவது உட்கார்ந்திருந்தால் அரைப்பேர் விஷயம் முதல் நாளே பேசப்பட்டிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் 2018 தேர்தலில் இருந்து உண்டு. நல்ல சட்டம். ஆனால் 60 வீதம் உறுப்பினர் வட்டாரத்தில் வென்று வருகிறார்கள், 40 வீதம் பட்டியலில் இருந்து வருகிறார்கள். கட்சிகள் பெண்களை எங்கே போடுகின்றன? பெரும்பாலும் பட்டியலில். பட்டியலில் இருந்து யாரை எடுப்பது என்பது கட்சியின் முடிவு. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் உயர்தரம் படித்த ஓர் அக்காவிடம் ஒரு கட்சிக்காரர் வந்து, "பெயரும் கையெழுத்தும் மட்டும் தாம்மா, பிரசாரம் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கேட்டார். அந்த அக்கா மறுத்துவிட்டார். மறுக்கத் தெரியாத வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

2025 மே தேர்தலில் இளைஞருக்கும் வேட்புமனுவில் ஒதுக்கீடு வந்தது. உடனே என்ன நடந்தது? பிறப்புச் சான்றிதழின் பிரதி சரியாக உறுதிப்படுத்தப்படவில்லை என்று நாடு முழுக்கப் பல வேட்புமனுக்கள் தள்ளுபடி. நீதிமன்றம் போய்த்தான் பலதை மீட்டார்கள். தோட்டத்தில் பிறப்புச் சான்றிதழ் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் பெயர் ஒன்றில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. சிங்களத்தில் பதிந்ததைத் தமிழில் மாற்றும்போது இன்னொரு மாதிரி. ஆகவே வேட்பாளர் பயிற்சி என்று மேடை போடுவதற்கு முன் இந்தப் பத்திரங்களைச் சரிசெய்து கொடுக்கிற ஒரு முகாம் போட்டால் அதுதான் முதல் அரசியல் வேலை.

கொழும்பு 13:

நான் கொஞ்சம் எதிர்மாறாகச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். என்னோடு தங்கியிருக்கிற பையன்கள் எல்லோரும் ஹப்புத்தளை, லிந்துலை, மஸ்கெலியா. யாருக்கும் பிரதேச சபை உறுப்பினர் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஏன் என்று கேட்டால், வாக்கு தோட்டத்தில், வாழ்க்கை இங்கே. தேர்தலுக்குப் போக வேண்டும் என்றால் முதலாளி லீவு தர வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும். அப்படிப் போனவர்களையும் "தீபாவளிக்கு வருவதுபோல் வருகிறார்கள்" என்றுதான் ஊரில் பேசுகிறார்கள்.

இன்னொன்று. எனக்கு ஓர் அரச திணைக்களத்தில் நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. எங்கள் லயத்துக்கு இலக்கமில்லை, தெருவில்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கே ஒரு மூலையில் கிடக்கும், யாராவது எடுத்துக்கொண்டு வந்தால் உண்டு. என் கையில் வந்தபோது நேர்முகத் திகதி முடிந்திருந்தது. அம்மா அழுதார். நான் அதற்குப் பிறகு அரச வேலைக்கு விண்ணப்பம் போடவே இல்லை.

இப்படி இருக்கிறவனிடம் போய் "அரசியலில் உனக்கு இடம் இருக்கிறது" என்றால் என்ன அர்த்தம்? முதலில் வீட்டுக்கு ஒரு முகவரி கொடுங்கள். 7 பேர்ச் காணியும் தனிவீடும் காணி உறுதிப்பத்திரமும் என்று எவ்வளவு காலமாகக் கேட்கிறோம். 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து 10 ஆயிரம் வீடு என்று அறிவித்தார். கட்டுகிற வேகம் எல்லோருக்கும் தெரியும். முகவரி இல்லாத இளைஞன் எங்கே போனாலும் தற்காலிக ஆள்தான்.

கொட்டகலை வாசன்:

தம்பி, கோபிக்க ஒன்றும் இல்லை. கடித விஷயம் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது என்று நினைக்கிறேன். தெருவுக்குப் பெயர் வைப்பது, வீட்டுக்கு இலக்கம் கொடுப்பது யாருடைய வேலை? பிரதேச சபையுடையது. தோட்டக் காணி கம்பனியிடம் குத்தகைக்கு இருப்பதால் கை வைக்க முடியாது என்று முன்பு தட்டிக்கழித்தார்கள். 33ஆம் பிரிவு திருத்தப்பட்ட பிறகு அந்தச் சாட்டு பழையபடி செல்லாது. கேட்கிறதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மாற்றம் மலர்:

வாசன் அண்ணா, ஒரு விஷயத்தை எல்லோரும் தவிர்த்துவிட்டுப் பேசுகிறீர்கள். 2024இல் நுவரெலியா மாவட்டத்தில் 8 ஆசனத்தில் 5 தேசிய மக்கள் சக்திக்குப் போனது. நம் சனமும் வாக்குப் போட்டுத்தான் போனது. இன அடிப்படையிலான கட்சி வேண்டாம், நாட்டின் பொது அரசியலுக்குள் போவோம் என்று இளைஞர்கள் தீர்மானித்துவிட்டார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். 2023 ஒக்டோபரில் அந்தக் கட்சியினர் அட்டன் பிரகடனம் என்று மலையக மக்களுக்காகத் தனியாகவே ஓர் ஆவணம் வைத்தார்கள். அந்தக் கட்சியின் சுந்தரலிங்கம் பிரதீப் பிரதி அமைச்சர். சங்கத் தலைவரின் வீட்டில் பிறக்காத ஒருவர் அந்தக் கதிரைக்கு வர முடிகிறது என்பது சின்ன விஷயமா? தனிக்கட்சி, தனிச்சங்கம் என்று நாம் ஒதுங்கி நின்றதும் நம் பின்தங்கலுக்கு ஒரு காரணம்.

ஓய்வுபெற்ற ஆசிரியன் (அட்டன்):

மலர் மகள், சின்ன விஷயம் அல்ல. நானும் அதை வரவேற்கிறேன். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள்.

1994இல் மலையக மக்கள் முன்னணியின் சந்திரசேகரன் நுவரெலியாவில் சுயேச்சைக் குழுவாக வென்றார். சந்திரிகாவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனம், முஸ்லிம் காங்கிரசோடு சேர்த்தும் பெரும்பான்மைக்கான 113 எட்டவில்லை. அந்த ஒரு ஆசனம்தான் சந்திரிகாவுக்கு அரசாங்கம் அமைக்க உதவியது. அன்று மலையகம் ஒரு கையைத் தூக்கினால் கொழும்பு திரும்பிப் பார்த்தது. அவர் சங்கத் தலைமைக்கு எதிராகப் படித்த இளைஞரைத் திரட்டி வந்தவர் என்பதையும் இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மிடம் முன்மாதிரி இல்லாமல் இல்லை.

இன்று அரசாங்கத்திடம் 159 ஆசனம். யாருடைய ஒற்றை வாக்கும் அதற்குத் தேவையில்லை. எதிர்க்கட்சியில் இருக்கிற நம் தலைவர்கள் திகாம்பரம், ராதாகிருஷ்ணன், ஜீவன், மனோ கணேசன் எல்லோரும் சேர்ந்தாலும் பேரம் பேச வலு இல்லை. அரசாங்கத்துக்குள் இருக்கிற நம் உறுப்பினர்கள் கட்சி முடிவுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்கள் மனம் நல்லதாக இருக்கலாம், இருக்கிறது என்றே நம்புகிறேன். ஆனால் அடுத்த பட்டியலில் அவர்களைப் போடுவதா இல்லையா என்பதை மலையகம் தீர்மானிக்காது.

தனிக்கட்சியா பொதுக்கட்சியா என்று சண்டை பிடிப்பதில் எனக்கு இப்போது ஆர்வமில்லை. எந்தக் கட்சியில் இருந்தாலும் தோட்டத்துச் சனத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. அந்த வகையில் வட்டாரத்தில் நேரடியாக வென்ற ஒரு பிரதேச சபை உறுப்பினர், பட்டியலில் வந்த பெரிய ஆளைவிட எனக்கு முக்கியம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது என் துறை. தலைவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் மலையகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் என்று வாக்குறுதி தருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இருக்கிற கதவையே நம் பிள்ளைகள் முழுதாகப் பயன்படுத்தவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம். நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உண்டு. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இங்கே வெட்டுப்புள்ளி கொழும்பைவிடக் குறைவு. அந்த இடத்தை எடுப்பது யார்? வெளி மாவட்டங்களில் இருந்து வந்து இங்கே உயர்தரம் எழுதுகிற பிள்ளைகள் என்ற முறைப்பாடு பல காலமாக இருக்கிறது. நம் பிள்ளைகள் அந்த வரிசையில் நிற்கவே இல்லை, ஏனென்றால் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம் உயர்தரத்தில் கிடையாது. சாதாரண தரத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகூட வீட்டுக்குப் பக்கத்தில் கலைப்பிரிவு மட்டும் இருப்பதால் அதில் சேர்கிறது.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலை அதற்கு வெளியே நின்றது. 70களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்த முப்பது வருட இடைவெளியை ஆசிரியர்களால்தான் நிரப்ப முடியும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்த பிறகு நம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஆசிரியரானார்கள், அதைக் கண்ணால் கண்டேன். அதே மாதிரி இரசாயனம், பௌதிகம், இணைந்த கணிதம் கற்பிக்கப் பட்டதாரிகள் வேண்டும். தலைவர் ஒருவர் தன் பதவிக்காலம் முழுக்க இந்த ஒரு வேலையை மட்டும் செய்தாலே நான் அவரைக் கொண்டாடுவேன்.

பதுளை வாசுகி:

சேர், என் கதை அதேதான். சாதாரண தரத்தில் விஞ்ஞானம், கணிதம் இரண்டிலும் ஏ. விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், மாலை வகுப்பு முடிந்து வர இருட்டிவிடும். அப்பா விடவில்லை. வர்த்தகப் பிரிவில் படித்தேன். அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், பஸ் தரிப்பிடத்தில் இருந்து லயத்துக்கு வருகிற தேயிலைப் பாதையில் ஒரு விளக்கு இல்லை. அந்த விளக்கும் பிரதேச சபையின் வேலைதானே, வாசன் அண்ணா?

கொட்டகலை வாசன்:

ஆம் தங்கச்சி, அதுவும்தான்.

கொழும்பு 13:

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உறுப்பினராக வராத ஒருவன் சபையில் என்ன செய்ய முடியும்? அடுத்த தேர்தலுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதுவரை சும்மா இருப்பதா?

கொட்டகலை வாசன்:

இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் சட்டத்தில் உள்ளவை.

ஒன்று, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், 12ஆம் பிரிவு. சபை ஆலோசனைக் குழுக்கள் அமைக்கலாம், அதில் உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்க்கலாம். வீதி, சுகாதாரம் என்று விஷயவாரியாகக் குழு இருக்கும். பல சபைகளில் இது பெயருக்குத்தான் இருக்கிறது. தோட்ட வட்டாரத்தில் இருந்து நாலைந்து படித்த பிள்ளைகள் எழுத்தில் விண்ணப்பித்தால் தவிசாளர் "இடமில்லை" என்று எழுத்தில் பதில் சொல்வது கஷ்டம். அரசியலில் பழகுவதற்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. வரவு செலவு எப்படித் தயாராகிறது, எந்தப் பிரேரணை ஏன் ஒத்திவைக்கப்படுகிறது என்று உள்ளே இருந்து பார்க்கலாம்.

இரண்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரஜை யாரும் சபையிடம் தகவல் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு. கொழும்பில் இருந்துகொண்டும் நீங்கள் போடலாம்.

மாற்றம் மலர்:

இதில் கட்சி பேதமில்லாமல் நானும் சேர்கிறேன். எங்கள் சபையில் எங்கள் கட்சி உறுப்பினர்களும் இருக்கிறார்கள், அவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்பேன். 2025 நவம்பர் டித்வா புயலில் மண்சரிவு வந்தபோது எந்த லயம் அபாயத்தில் இருக்கிறது என்ற பட்டியலைக்கூட எங்கள் பக்கத்தில் உடனே எடுக்க முடியவில்லை. அதையும் கேள்வியில் சேருங்கள்.

கொட்டகலை வாசன்:

சேர்த்துவிட்டேன். வரைவு இது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தங்கள் சபை தோட்டக் குடியிருப்புகளில் செலவிட்ட தொகை வருடவாரியாக, வட்டாரவாரியாக, தோட்டப் பகுதிகளில் பெயரிடப்பட்ட வீதிகள், இலக்கமிடப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை, பொருத்தப்பட்ட வீதி விளக்குகள், மண்சரிவு அபாயம் உள்ளதாகச் சபை அறிந்துள்ள லயக் குடியிருப்புகளின் பட்டியல், 12ஆம் பிரிவின் கீழ் அமைக்கப்பட்டுள்ள குழுக்களும் அவற்றின் உறுப்பினர் விபரமும்."

கொட்டகலைக்கும் அக்கரப்பத்தனைக்கும் நான் போடுகிறேன். மஸ்கெலியா, நோர்வூட் யார்?

கொழும்பு 13:

மஸ்கெலியா நான். அறையில் இருக்கிற பையன் நோர்வூட், அவன் பெயரில் அதையும் போடுகிறோம். பதில் அனுப்பக் கடையின் முகவரியைக் கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியன் (அட்டன்):

கொடுக்கலாம் தம்பி. முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், மேன்முறையீட்டுக்கு அந்தத் திகதி வேண்டும்.

பதுளை வாசுகி:

எங்கள் சபைக்கு நான் போடுகிறேன். கேள்வியில் ஒன்று விடுபட்டிருக்கிறது: ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பெண்கள், எத்தனை பேர் 35 வயதுக்குக் கீழ். அதையும் எழுதுங்கள்.